புது ரௌட்டர் மாட்டியதும் நெட் மெதுவாகிவிட்டதா? முதலில் லேன் கேபிளில் சோதியுங்கள்

ரௌட்டரை மாற்றிய அன்றே வேகம் குறைந்திருந்தால், கம்பெனிக்குப் போன் போடும் முன் மாற்றும்போது கை பட்ட இடங்களைப் பாருங்கள். கேபிள், போர்ட், வைஃபை அமைப்பு, ஃபைபர் வயர் இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். இங்கே சொல்வது ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்கு: சுவரில் ஓ.என்.யூ பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை நெட் சிக்னலாக மாற்றுவது), அதிலிருந்து ஒரு லேன் கேபிள், அதன் முனையில் புது ரௌட்டர். 200 எம்.பி.பி.எஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) பிளான் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று இடங்களில் வேகத்தை அளக்க வேண்டும். முதலில் லேப்டாப்பை ஓ.என்.யூவில் நேரடியாக லேன் கேபிளால் இணைத்து அளவெடுங்கள். ஓ.என்.யூ பிரிட்ஜ் மோடில் (தானே லாகின் செய்யாமல், இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறை) இருந்தால், கம்பெனி கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டை லேப்டாப்பில் போட்டு இணைய வேண்டியிருக்கும். அடுத்து ரௌட்டரின் லேன் போர்ட்டில். கடைசியாக, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே நின்று போனின் வைஃபையில். அளக்கும்போது விபிஎன், போனின் மொபைல் டேட்டா, டிவியில் ஓடும் வீடியோ எல்லாம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் எண் விழுகிறதோ, அங்கேதான் கோளாறு. டவுன்லோடு செய்யும்போது நொடிக்கு 25 மெகாபைட் என்று காட்டினால் அது குறைவல்ல. எட்டால் பெருக்கினால் 200 மெகாபிட், முழு வேகம்.

லேன் கேபிளில் அளந்தும் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? எங்கோ ஒரு இணைப்பு 100 எம்.பி.பி.எஸ் அளவில்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ரௌட்டரின் போர்ட்டே 100 எம்.பி.பி.எஸ் வகை. அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிய கணக்கு. அதற்கும் போர்ட்டுக்கும் தொடர்பில்லை. 100-க்கு மேற்பட்ட பிளானுக்கு, பெட்டியில் ‘கிகாபிட் போர்ட்’ (1000 எம்.பி.பி.எஸ்) என்று இருக்கும் ரௌட்டர்தான் வேண்டும். ஓ.என்.யூவிலிருந்து வரும் கேபிளைச் செருகும் வான் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, கேபிள். 100 எம்.பி.பி.எஸ்ஸுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 என்ற நான்கே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும், முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்யும்போது பின்னில் சரியாக உட்காராவிட்டாலும், விளக்கு எரியும், நெட் வரும், வேகம் மட்டும் 100-இல் நின்றுவிடும். ஆளை ஏமாற்றும் கோளாறு இது. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றைப் புதிதாகப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். லேப்டாப்பின் சொந்த போர்ட்டும் 100 வகையாக இருக்கலாம். நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு 1000 என்று இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் சரி, வைஃபையில்தான் மெதுவு என்றால், போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். பல புது ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கும். போன் சில நேரம் தூரம் எட்டும் 2.4-ஐயே பிடித்துக்கொள்ளும். அங்கே 30, 40 எம்.பி.பி.எஸ் வருவது சகஜம். சோதிக்கும்வரை இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடியில் 40 வைத்தால் பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதும். 5-இல் சேனல் 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்று, அகலம் 80. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ2 ஏ.இ.எஸ் அல்லது டபிள்யூ.பி.ஏ3 ஆக இருக்கட்டும், பழைய டி.கே.ஐ.பி முறையில் இணைந்தால் லிங்க் வேகம் 54 எம்.பி.பி.எஸ்ஸைத் தாண்டாது. ஓ.என்.யூவின் வைஃபையும் பழைய ரௌட்டரின் வைஃபையும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். போன் பழைய பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. டிவிக்குப் பின்னால், பீரோ மேல், லாஃப்டில் ரௌட்டரை ஒளித்து வைக்க வேண்டாம்.

ரௌட்டர் அமைப்புகளில் க்யூ.ஓ.எஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இயங்கினால் நிறுத்துங்கள். பழைய பிளானின் எண் அதில் இருந்தால் அதற்கு மேல் விடாது; எண் சரியாக இருந்தாலும், பல ரௌட்டர்களில் இது வேகமான ஹார்டுவேர் வழியை அடைத்து எல்லாச் சுமையையும் சிறிய பிராசஸர் தலையில் ஏற்றும். வேகச் சோதனை நன்றாக வருகிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் எம்.டி.யூவை (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) பாருங்கள். யூசர் நேம் போட்டு இணையும் பி.பி.பி.ஓ.இ வகைக்கு 1500 பொருந்தாது, 1492 வையுங்கள்.

ஓ.என்.யூவிலேயே குறைவாக வந்தால், பெட்டியை நகர்த்தியபோது ஃபைபர் வயர் மடங்கியதா என்று பாருங்கள். மணிக்கட்டு அகலத்தைவிடச் சிறிய வளையமாகச் சுற்ற வேண்டாம். முனையைக் கழற்றி எட்டிப் பார்ப்பதும் விரலால் தொடுவதும் கூடாது. ஓ.என்.யூவின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எக்ஸ் பவர் (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) சுமார் -15 முதல் -25 டி.பி.எம் வரை இருந்தால் கவலையில்லை; -27-ஐ நெருங்கினால் கோளாறு ஃபைபரில்தான். அப்போது அந்த எண்ணையும், ஓ.என்.யூவில் லேன் கேபிளால் அளந்த வேகத்தையும், அளந்த நேரத்தையும் சொல்லி கம்பெனியில் புகார் பதியுங்கள்.