பாலைக் காட்டாறுகளை அளக்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் உள்ள நீரோடைகளில் 81 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. அங்குள்ள சோனோரா பாலைவனத்தில் 'வாஷ்' என்று வழங்கும் காட்டாறுகள் பலவற்றில் மழையை ஒட்டிச் சில மணி நேரமே நீர் ஓடும். இவற்றின் நலத்தை அறியச் செல்வோர் முதலில் செய்யும் தவறு, வற்றாத ஆற்றுக்கென வகுத்த அளவுகோலை அப்படியே எடுத்துச் செல்வதாகும். நீர்ப்பூச்சிகளை எண்ணி மதிப்பெண் இடும் முறை வறண்ட மணலில் சுழியத்தைத்தான் காட்டும்; அதனால் ஓடை கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. கோடைப் பருவமழையின் முதல் பெரிய மழை பெய்த இரவே ஸ்பேட்ஃபுட் தேரைகள் மண்ணிலிருந்து வெளியேறி, தேங்கிய குட்டைகளில் முட்டையிடுகின்றன. அவற்றுள் ஓர் இனத்தின் தலைப்பிரட்டைகள் எட்டு, ஒன்பது நாட்களிலேயே தேரைகளாகிவிடக்கூடும். இரண்டு வாரம் தாமதித்து வருபவரின் கண்ணில் வெடித்த சேறு மட்டுமே படும்.

வசதிப்பட்ட நாளில் போய்ப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றில் 1999 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், பருவமழைக்கு முந்தைய கடும் வறட்சியில், தன்னார்வலர்கள் ஆற்றோடு நடந்து, நீருள்ள பகுதிகளையும் வறண்ட பகுதிகளையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள். காலம் மாறாததால்தான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடிகிறது.

அருகிலுள்ள மழைமானியை வைத்து ஓட்டத்தைக் கணிக்கக் கூடாது. ஒரு சரிவில் இடிமழை கொட்டும்போது அடுத்த பள்ளத்தாக்கு காய்ந்து கிடப்பது அங்கு வழக்கம். மணலில் சிறு வெப்ப உணரியைப் புதைத்துவைத்தால், அது பதியும், பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பநிலைக் கோடு நீர் வந்ததும் தணிந்துவிடுவதால், ஓடிய நாட்கள் தெரிந்துவிடும். (வெள்ளம் கொண்டுபோகாதபடி அதைக் கட்டிவைக்க மறப்பவர்களும் உண்டு.)

மரங்களைப் பார்த்துத்தான் அவசர முடிவுகள் மிகுதியாக எழுதப்படுகின்றன. நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட் அங்கே மண்ணின் மரம். அதன் வேர் அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே ஒரு சுரங்கத்தில் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டிருக்கிறது. ஆகவே அதன் பசுமையை வைத்து நிலத்தடி நீர்மட்டம் இறங்கவில்லை என்று எழுதிவிட முடியாது. ஆழமற்ற நிலத்தடி நீரை நம்பி நிற்கும் காட்டன்வுட் மரத்தின் உச்சிக்கிளைகள் காய்கின்றனவா, அதன் கன்றுகள் தென்படுகின்றனவா என்று பார்ப்பதே பயன்தரும். வெள்ளம் கரையை அரித்து மணல்திட்டை இடம்மாற்றியிருந்தால் அதையும் சேதம் என்று உடனே பதியக் கூடாது. அந்த வெற்று ஈரமணலில்தான் காட்டன்வுட் விதை முளைக்கிறது.