"பயமில்ல சிஸ்டர்" என்றால் நம்பிவிடாதீர்கள்

போன வாரம், புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி எழுதிய நோட்ஸைப் புரட்டினேன். 'நோயாளி அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார்.' அதற்கு மேல் வரியில் பல்ஸ் 116 என்று எகிறியிருந்தது. ஒரு காலத்தில் நான் எழுதியதும் அச்சு அசல் இதேதான். நேரம் போட மறப்பதெல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். பயத்தை அமைதி என்று எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறு ஆகாது.

அமைதி என்று எழுதிவிடுவது

அந்தக் காலத்தில் என் வார்டில் ஒரு நோயாளி, மறுநாள் அவருக்குக் குடல் ஆபரேஷன். வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கா ஐயா?" என்று போகிற போக்கில் கேட்டேன். "எனக்கா? பயமில்ல சிஸ்டர்." சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், ஒரு கேள்வி இல்லை. கை வைத்த இடத்தில் தாள் நனைந்து சுருங்கியிருந்தது. பார்த்தும் விட்டுவிட்டேன். ஆபரேஷன் முடிந்த இரவு, "வயித்துல டியூப் இருக்கும்னு யாருமே சொல்லல" என்று கத்தி டிரிப்பைப் பிடுங்கினார். டாக்டர் சொல்லியிருந்தார், என் முன்னால்தான். காதில் ஏறவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. பயத்தைத் தெரிந்தே மறைப்பது வேறு, மனம் தனக்கே தெரியாமல் அமுக்கி வைப்பது வேறு. பின்னதை வாய் சொல்லாது. வியர்த்த உள்ளங்கை, இறுகிய தாடை, வராத தூக்கம் சொல்லும். ஆபரேஷனுக்கு முன் பயமே காட்டாதவர்கள் பின்னால் கோபத்தில் வெடிப்பதை உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1958இலேயே எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அவரோடு ஒத்துப்போகவில்லை. நான் பார்த்தவர் ஒத்துப்போனார்.

இப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நாளைக்கு என்ன செய்யப் போறாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சதச் சொல்லுங்க" என்கிறேன். நோட்ஸில் 'அமைதி' கிடையாது. 'பயமில்லை என்கிறார், பல்ஸ் 116, உள்ளங்கை ஈரம், கேள்வி எதுவும் கேட்கவில்லை' என்று கண்டதை எழுதுகிறேன்.

எல்லாமே பதற்றம் என்பது

இது எதிர்ப்பக்கத்துப் பள்ளம். ஆக்ஸிஜன் குறைந்தாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், குடியை திடீரென நிறுத்தினாலும் படபடக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

மூடியைப் பிடுங்குவது

"உள்ளுக்குள்ள பயந்துட்டுத்தான் இருக்கீங்க" என்று போட்டு உடைக்காதீர்கள். அந்த மூடிதான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

"கவலைப்படாதீங்க"

வேண்டாம்.

நம்முடையதை மறப்பது

நர்ஸுகளும் அமுக்குகிறோம். லண்டன் மருத்துவமனை ஒன்றைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்ஸீஸ் 1960இல் எழுதியதில், நோயாளியைப் பெயர் சொல்லாமல் பெட் எண்ணாலும் நோயாலும் குறிப்பிடுவது நர்ஸுகளின் தற்காப்பு என்று வரும். அன்று டியூட்டி மாறும்போது நானும் அவரை 'ஏழாம் பெட், குடல் கேஸ், அமைதி' என்றுதான் ஒப்படைத்தேன்.