சுண்ணாம்பு நீற்றும்போது எழும் வெப்பத்தை அளப்பது எப்படி?

சுட்ட கிளிஞ்சல்களின் மீது தண்ணீரைத் தெளித்தவுடன் அவை பொரிந்து, ஆவி பறக்க, வெண்பொடியாக உதிர்வதைச் சுண்ணாம்பு நீற்றும் இடங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அடுப்போ தீயோ இல்லாமலேயே அங்கே தண்ணீர் கொதிக்கிறது. அந்த வெப்பம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தெர்மாமீட்டரையும் சிறு கணக்கையும் கொண்டு நாமே கண்டறியலாம்.

படி 1: பொருள்களும் பாதுகாப்பும்

நீற்றாத சுண்ணாம்புத் தூள் (கால்சியம் ஆக்சைடு) 5.6 கிராம், தண்ணீர் 100 மில்லிலிட்டர், ஒரு தெர்மாகோல் கோப்பை, கண்ணாடிக் குச்சி, ஆய்வகத் தெர்மாமீட்டர் ஆகியவை போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் குறுகிய வெப்பநிலை எல்லைக்குள் மட்டுமே அளக்கும் என்பதால் அது இங்கே பயன்படாது. அலுமினியப் பாத்திரத்தை எடுக்காதீர்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

நீற்றாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். மேலும், தண்ணீரில்தான் தூளைச் சிறிது சிறிதாக இட வேண்டுமே தவிர, தூளின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் குறைந்த அளவு நீரில் வெப்பம் முழுவதும் குவிந்து, கலவை கொதித்து மேலே தெறிக்கும்.

படி 2: அளத்தல்

கோப்பையில் தண்ணீரை ஊற்றி, அதன் வெப்பநிலை நிலைபெற்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தூளை இட்டு, குச்சியால் கலக்கியபடியே அரை நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். வெப்பநிலை ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, மெல்லக் குறையத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்த உச்சம்.

படி 3: கணக்கிடுதல்

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் தேவை. எடுத்துக்காட்டாக, உங்கள் அளவீட்டில் வெப்பநிலை 12 டிகிரி உயர்ந்தது எனக் கொள்வோம். அப்போது நீர் பெற்ற வெப்பம் 100 × 4.2 × 12 = 5040 ஜூல், அதாவது 5.04 கிலோஜூல். மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளின் அளவைக் குறிக்கும் அலகு. கால்சியம் ஆக்சைடின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 56 கிராம் என்பதால், நாம் எடுத்த 5.6 கிராம் 0.1 மோல் ஆகும். எனவே ஒரு மோலுக்கு 50.4 கிலோஜூல் கிடைக்கிறது.

இந்த வினைக்கு அட்டவணைகளில் காணப்படும் மதிப்பு ஏறத்தாழ 65 கிலோஜூல். உங்கள் விடை அதைவிடக் குறைந்தால் மனம் தளர வேண்டாம். கோப்பையும் காற்றும் சிறிது வெப்பத்தை எடுத்துக்கொண்டிருக்கும்; கடையில் நெடுநாள் கிடந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி முன்பே ஓரளவு நீறிப்போயும் இருக்கும். பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணமே பெரிய பிழையைத் தருவதால், புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைத் தேடி வாங்குவது பலன் தரும்.

படி 4: குறியிடுதல்

மாணவர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுதான். தெர்மாமீட்டர் ஏறுகிறது, ஆனால் விடையை −65 கிலோஜூல் என்று எழுதுகிறோம். கணக்கை வினைபடும் பொருள்களின் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் நீங்கும்: வெப்பத்தைப் பெற்றது நீர், இழந்தது வினைபடும் பொருள்கள். இத்தகைய வினை வெப்ப உமிழ் வினை எனப்படும். வெப்பத்தை உள்ளே இழுப்பது வெப்பம் கொள் வினை.

படி 5: வெப்பம் வந்த வழி

பிணைப்பு உடைவதால் ஆற்றல் வெளிவருகிறது என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவிட்டே ஆக வேண்டும், புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். நீற்றும்போது ஆக்சைடு அயனி (மின்சுமை கொண்ட துகள்), நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) பறிக்க, இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் உருவாகின்றன. பழைய பிணைப்புகளை உடைக்கச் செலவானதைவிடப் புதிய அமைப்பு உருவாகும்போது கிடைத்தது அதிகம். அந்த மிச்சமே நாம் அளந்த வெப்பம்.

இனிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். காளவாயில் கிளிஞ்சல் (கால்சியம் கார்பனேட்) ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுடப்பட்டுக் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது. ஒரு மோலுக்கு 178 கிலோஜூலை விழுங்கும் வெப்பம் கொள் வினை இது. ஆகவேதான் வேலை முடியும்வரை காளவாயின் தீ அணையாமல் காக்கப்படுகிறது. அந்த 178இல் 65 நீற்றும்போது திரும்பிவிட்டது. எஞ்சிய 113 கிலோஜூல், சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது வெளிவருகிறது. அது மாதக்கணக்கில் நிகழ்வதால் சுவரைத் தொடும் கைக்குச் சூடு தெரிவதில்லை. எந்த வழியில், எத்தனை படிகளில் சென்றாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்று வேதியியலாளர் ஜெர்மைன் ஹெஸ் 1840இல் வெளியிட்ட விதியை, 65 + 113 = 178 என்ற இந்தக் கூட்டலிலேயே காணலாம்.

சோதனை முடிந்தபின் கோப்பையைக் கவிழ்த்துவிடாதீர்கள். தூள் அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீரைக் கையுறை அணிந்தபடியே ஒரு தட்டில் ஊற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் திறந்து வையுங்கள். மறுநாள் அதன் மேற்பரப்பில் மெல்லிய வெண்ணிற ஏடு படர்ந்திருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பு நீருடன் வினைபுரிந்து உண்டாக்கிய கால்சியம் கார்பனேட் அது.