கட்டியைப் பார்த்தாய், கழுத்தைப் பார்த்தாயா?

போன மாதம் எங்கள் ஸ்கேன் அறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு தைராய்டு ஸ்கேனை நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டு, ஜெல்லைத் துடைக்க டிஷ்யூவை நீட்டினான். "கழுத்து பாத்தியாப்பா?" என்றேன். "தைராய்டுதானே சார் எழுதியிருக்காங்க?" என்றான். சீட்டில் அப்படித்தான் இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் தர்மபுரியில் இந்த நாற்காலியில் உட்கார்ந்த புதிதில் நானும் இதே பதிலை, இதே மிடுக்கோடு சொன்னவன். அதனால் திட்ட வாய் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வலது இடது மாற்றி அடிப்பது, மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சென்டிமீட்டர் போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டியோடு ஸ்கேனை முடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் கறை ஏறிப்போயிருந்தது. விழுங்கும்போது தொண்டையில் ஏதோ உருளுது என்றார். வலது பக்கம் 2.1 செ.மீ. கட்டி. கறுத்த திடக்கட்டி, அகலத்தைவிட உயரம் அதிகம், உள்ளே உப்பைத் தூவியதுபோல் சுண்ணாம்புப் புள்ளிகள். கேன்சர் சந்தேகம் உச்சத்தில் இருப்பதைக் குறிக்கும் டி.ஆர்.5 என்று போட்டேன். ஊசி டெஸ்டில் தைராய்டு கேன்சரில் ஒரு வகையான பாப்பிலரி கேன்சர் என்று வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. ரிப்போர்ட்டின் கடைசியில், "கழுத்தில் குறிப்பிடத்தக்க நெறிக்கட்டிகள் இல்லை" என்று ஒரு வரி. நெறி என்பது கேன்சர் பரவக்கூடிய நிணநீர் முடிச்சு. அது நான் பார்த்து எழுதியதல்ல. டெம்ப்ளேட்டிலேயே இருந்தது. அழிக்காமல் விட்டிருந்தேன்.

ஆபரேஷன் வெளியூரில் நடந்தது. தைராய்டை முழுக்க எடுத்தார்கள். அந்தக் கடைசி வரியை நம்பிப் பக்கவாட்டுக் கழுத்தைத் தொடவில்லை. தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதமான, தைராய்டை எடுத்தபின் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய தைரோகுளோபுலின் ஏறிக்கொண்டே போகிறது என்ற சீட்டோடு ஒன்பது மாதம் கழித்து என்னிடமே திரும்பி வந்தார். புரோப்பை வலது காறையெலும்புக்கு மேலே வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஜுகுலர் ரத்தக்குழாயை நெருக்கிக்கொண்டு 1.6 செ.மீ. நெறி. ஓரத்தில் நீர்க்குழி, உள்ளே அதே உப்புப் புள்ளிகள்.

அவர் போனதும் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். ஏழாவது படம். வலது மடலின் அடிப்பகுதியை அகலவாக்கில் அளந்திருக்கிறேன். அளவுக்காக வைத்த மஞ்சள் கூட்டல் குறிக்கு ஒரு விரல்கடை தள்ளி, படத்தின் இடது ஓரத்தில் அந்த நெறி பாதி தெரிகிறது. மீதிப் பாதி படத்துக்கு வெளியே. புரோப்பைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும்.

மறுபடியும் ஆபரேஷன். ஏற்கெனவே தழும்பு கட்டிப்போன கழுத்தில் சதையும் நரம்பும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குரல் நரம்பையும், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டுகளையும் அதற்குள் தேடிக் காப்பாற்றுவது முதல் தடவைபோல் எளிதல்ல. ஆபரேஷன் செலவு காப்பீட்டில் போயிற்று. பஸ், சாப்பாடு, துணைக்குப் போன மகளின் கூலி இதற்கெல்லாம் யார் தருவார்கள்? இரண்டு ஆட்டை விற்றதாகச் சொன்னார். "மொதல்லயே தெரிலயா சார்?" என்று கேட்டார். "நான் பாக்கலைக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

இது அபூர்வமாக நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். தைராய்டு கேன்சருக்குக் கத்தி வைப்பதற்கு முன்னால் கழுத்தின் நடுப்பகுதி, பக்கப்பகுதி இரண்டையும் ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படிப் பார்ப்பதால் ஐந்தில் ஒருவருக்கு ஆபரேஷன் திட்டமே மாறக்கூடும் என்கிறது அதே ஆவணம்.

சரி, எப்படிப் பார்ப்பது? தோளுக்கு அடியில் தலையணை, முகவாய் மேலே. தைராய்டை முடித்ததும் புரோப்பை எடுத்துவிடாமல் தாடைக்குக் கீழே கொண்டுபோய், கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்களான கரோட்டிட்டையும் ஜுகுலரையும் நடுவில் வைத்து, காறையெலும்பு வரை மெதுவாக வழித்துக்கொண்டு வாருங்கள். பிறகு மறுபக்கம். பாப்பிலரி அதிகம் ஒளியும் இடங்கள் நடுக்கழுத்தும், பக்கக்கழுத்தின் நடுவிலும் கீழேயும் இருக்கும் மூன்றாம், நான்காம் மட்டங்களும். மேல்முனைக் கட்டி நடுக்கழுத்தைத் தாண்டி நேராகப் பக்கத்துக்குத் தாவுவதும் உண்டு. அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தாடைக்குக் கீழே பல் சொத்தைக்கும் டான்சிலுக்கும் பெரிய நெறி கட்டும். ஆனால் அது நீளவாக்கில் அவரைக்கொட்டை மாதிரி, நடுவில் வெள்ளைக் கொழுப்புக் கோட்டோடு இருக்கும். கோடு காணாமல் போய், உருண்டு, உள்ளே புள்ளியோ நீரோ இருந்தால் ஊசி போடுங்கள். நம் பக்கம் டி.பி. நெறியும் இப்படி வேஷம் கட்டும். அதனால் ஊசியை ஒரு மில்லி சலைனில் அலசி, அதில் தைரோகுளோபுலின் பாருங்கள். பக்கவாட்டு நெறியில் அது எக்கச்சக்கமாக இருந்தால் தைராய்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

கடைசியாக, ஒரு கழுத்துப் படம் கையால் வரைந்து நெறி இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். ஒரு சர்ஜன் அதைத் தியேட்டர் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்வார். ரிப்போர்ட்டில் நான் எழுதும் பத்து வரியை அவர் படித்ததாக எனக்கு நினைவில்லை.

டெம்ப்ளேட்

பார்க்காததை "இல்லை" என்று எழுதாதீர்கள். அந்த வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

சி.டி.க்குப் பயப்படுவது

தைராய்டு இருக்கும்வரை அதற்குப் பின்னால் இருக்கும் நெறிகளை அல்ட்ராசவுண்ட் சரியாகக் காட்டாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, மார்புக்குள் இறங்கியிருந்தாலோ, மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தாலோ அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு சி.டி. எடுக்கத்தான் வேண்டும். "அயோடின் உள்ளே போனால் அப்புறம் ரேடியோ அயோடின் ஏறாதே சார்" என்பார்கள். ஆபரேஷனுக்குப் பின் மிச்சக் கேன்சரை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடினைச் சொல்கிறார்கள். ஏறாதுதான், கொஞ்ச நாளைக்கு. நான்கிலிருந்து எட்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு அது வெளியேறிவிடும். ஆபரேஷன் காயம் ஆறவே பாதி நாள் போய்விடுகிறது. ஆனால் தைராய்டை முடுக்கிவிடும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கான்ட்ராஸ்ட் ஏற்றாதீர்கள். அது வேறு வில்லங்கம்.

டி.எஸ்.எச். பார்க்காமல் ஊசி

டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் முதலில் நியூக்ளியர் ஸ்கேன். ஹாட் நாட்யூல், அதாவது அளவுக்கு மீறி வேலை செய்யும் கட்டி என்று வந்தால் கேன்சராக இருப்பது அபூர்வம். ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. இங்கிருந்து அந்த ஸ்கேனுக்காகப் பெங்களூருக்கு பஸ் ஏற வைப்பது பாவமாகத்தான் இருக்கும். தேவையில்லாமல் குத்துவதைவிட அது தேவலை.

பயோட்டின்

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

குரல்

ஆபரேஷனுக்கு முன்னாலேயே பாருங்கள். புரோப்பைக் குரல்வளை மேல் வைத்து "ஈ" சொல்லச் சொன்னால் பெண்களில் பெரும்பாலோருக்கு நாண்கள் அசைவது தெரியும். தெரியவில்லையென்றால் இ.என்.டி.க்கு அனுப்புங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் குத்துவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் (ஏ.சி.ஆர்.) டைராட்ஸ் கணக்கில் ஊசி போடும் அளவு டி.ஆர்.5-க்கு 1 செ.மீ., டி.ஆர்.4-க்கு 1.5, டி.ஆர்.3-க்கு 2.5. அதற்குக் கீழே பெரும்பாலும் காத்திருக்கலாம். தென்கொரியாவில் ஸ்கேன் பரவலானபோது, 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டு கேன்சர் 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கை அசையவில்லை. அந்த 1993-லேயே ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை சின்னஞ்சிறு பாப்பிலரிகளை வெட்டாமல் கண்காணிக்கத் தொடங்கிவிட்டது.

ஸ்டெம் செல்

தைராய்டு எடுத்தவர்கள் மொபைலில் விளம்பரத்தைக் காட்டி, "ஸ்டெம் செல் போட்டா மறுபடி வளருமாமே சார்?" என்கிறார்கள். 2012-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் எலியின் கரு ஸ்டெம் செல்லிலிருந்து தைராய்டுத் திசுவை உருவாக்கி, தைராய்டு இழந்த எலிகளுக்குள் வைத்து ஹார்மோன் சுரக்க வைத்தது உண்மை. அது எலிக்கு. இங்கே மத்திய அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல் மாற்றுக்கு அனுமதி ரத்தநோய் போன்றவற்றுக்குத்தான், தைராய்டுக்கு இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் இதையே தலைகீழாகப் பார்க்க மறந்துவிடுகிறோம். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், ரத்தப் புற்றுக்காக எட்டு வயதில் போன் மேரோ மாற்று (அதுவும் ஸ்டெம் செல் மாற்றுதான்) செய்துகொண்டவன். மாற்றுக்கு முன் உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். பதினான்கு வயதில் வகுப்பில் தூங்கி விழுகிறான், வாத்தியார் வைத்த பெயர் சோம்பேறி. கையில் சின்னக் கட்டி என்று வேறெதற்கோ ஸ்கேனுக்கு வந்தவனின் தோல் வறண்டிருந்ததைப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னேன். டி.எஸ்.எச். 48. தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு வருடா வருடம் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். கழுத்தையும் தடவிப் பார்க்க வேண்டும், அவர்களுக்குப் பின்னாளில் கட்டியும் வரும். அவனுக்கு இடது மடலில் 6 மி.மீ. இருக்கிறது. அடுத்த ஜூனில் வரச் சொல்லியிருக்கிறேன்.