பட்டப்படிப்புக்கும் ஐந்தொகை எடுக்க வேண்டும்

எங்கள் ஐயா பேரேட்டை மூடுமுன் ஐந்தொகை எடுப்பார்கள், அதாவது வரவும் பற்றும் நேராக வருகிறதா என்று கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு காசு இடித்தாலும் சாப்பிட எழ மாட்டார்கள். காரைக்குடியில் முப்பது ஆண்டுகள் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், ஜூன் மாதம் கல்லூரியில் சேரும்போது திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடம் அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

நம் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்கும் ஐந்து பகுதிகள். தமிழ் அல்லது வேறு மொழி, ஆங்கிலம், மேஜர் என்னும் முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும், சுற்றுச்சூழல் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் போன்ற பொதுப் பாடங்கள், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. ஒவ்வொரு பாடத்திலும் தேறினால் அதற்கென்று வைத்திருக்கும் கிரெடிட் என்னும் அலகுகள் சேரும்; பெரும்பாலும் மொத்தம் 140 கிரெடிட். மேஜரை எல்லோரும் கவனித்துக்கொள்கிறார்கள். கணக்கு இடிப்பது நான்காம் பகுதியில்தான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் சுற்றுச்சூழல் கல்வித் தேர்வை எழுதாமல் விட்டுவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம் ஆச்சி" என்றான். 1991-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பின் கட்டாயமாகிவிட்ட பாடம் அது. மேஜரில் நல்ல மதிப்பெண்; வேலைக்கு அழைப்பும் வந்தது. பட்டச் சான்று மட்டும் வரவில்லை. அவனுடைய ஆத்தா எங்கள் வளவில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே சேர்ந்த வாரமே துறையில் பாடத்திட்டத்தை வாங்குங்கள். நீளக் கணக்கு நோட்டில் ஒரு பருவத்துக்கு ஒரு பக்கமாக ஆறு பக்கம், பக்கத்துக்கு, பகுதிக்கு ஒன்றாக நெடுக்குக் கோடு போட்ட ஐந்து பத்தி. கட்டாயப் பாடங்களைப் பேனாவால் எழுதுங்கள், நீங்கள் தேர்ந்தெடுப்பவற்றைப் பென்சிலால். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு விருப்பப் பாடத்தின் இடத்தில் அடிப்படைத் தமிழ் வரும். அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்வதானால் முதல் ஆண்டிலேயே சேருங்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அத்துடன் ஏழு நாள் முகாம். கடைசி ஆண்டில் அதற்கு நேரம் கிடைக்காது.

இனி, பிற துறையில் எடுக்கும் விருப்பப் பாடம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தோழி எடுத்தாள், மதிப்பெண் தாராளமாகப் போடுவார்கள் என்று எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் தினமும் பார்த்தும் விளங்காத ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியிலிருந்து வந்த என் மாணவி ஒருத்தியின் அப்பா தரை ஓடு ஊற்றுபவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார். சூளையே இல்லாமல் ஓடு எப்படி இறுகுகிறது? அந்தக் கேள்வியோடு அவள் வேதியியல் துறையின் பாடத்தை எடுத்தாள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது என்று அப்பாவிடம் சொன்னாளாம். "அதனால்தான் தொட்டியில் போடுகிறோமா!" என்று அவர் கேட்டதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்வயம் என்னும் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் படித்தும் சில கிரெடிட்டுகளை ஈடுசெய்யலாம். ஆனால் பதிவுசெய்யும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

ஒவ்வொரு பருவமும் முடிவு வந்த அன்றே தேறிய பாடத்துக்கு டிக் அடித்து, ஐந்து பத்திகளையும் கூட்டிப் பாருங்கள். விருப்பப் பாடங்களுக்குப் பல இடங்களில் இடம் குறைவு. பதிவு நாளன்று மூன்று பாடங்களை வரிசைப்படுத்தி எழுதி எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.