மூட்டு வலியுள்ள அம்மாக்கள் உடற்பயிற்சியில் செய்யும் தவறுகள்

என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மூன்று ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை. "நடந்தால் எலும்பு இன்னும் தேயும்" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, ஒரு கணம் நின்று, "முருகா" என்று சொன்ன பிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பார். இத்தனை ஓய்வுக்குப் பிறகும் வலி குறையவில்லை. புதிதாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வந்து சேர்ந்தன.

மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து உட்கார்ந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குருத்தெலும்புக்கென்று இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே இருக்கும் திரவம் போய்வந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய பாரமும் முழங்காலின் தலையில் விழுகிறது. இதயத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் பெண்களுக்கு இதய நோய்க்கான வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது. மூட்டு தேயத் தொடங்குவதும் அதே வயதில்தான். தேய்மானமாக இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு) என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்களைவிடப் பெண்களை 2 முதல் 3 மடங்கு அதிகமாகத் தாக்கும் இந்த நோயில், மூட்டை வீங்க வைக்கும் அதே அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. அதனால் மாரடைப்பு வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கால் வலிக்காக மருத்துவரிடம் போகிறவர்கள் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும்.

அடுத்த தவறை அம்மா செய்யவில்லை, நான் செய்தேன். ஒரு நாள் பிடிவாதமாக அவரைத் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போய் இரண்டு சுற்று நடக்க வைத்தேன். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். மறுநாள் காலை அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருப்பரங்குன்றம் கிரிவலம் போய்விட்டு, மீதி நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது.

பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது. நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்து, நடப்பதற்கு முன்பு இருந்ததைவிட வலி கூடியிருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், பிறகு தெருமுனை வரை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைத் துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும் என்று 2020-இல் வந்த அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

மிதமான வேகம் என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித் துடிப்பை எண்ணுவதைவிட இந்த அளவுகோல் நல்லது. ஏனென்றால் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் துடிப்பையே மட்டுப்படுத்திவிடும். நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். வீடு கூட்டுவதும் துடைப்பதும் கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் ஒரே இடத்தில் நின்றால் கால்தான் கடுக்கும், இதயத்துக்கு வேலை இருக்காது. அரிவாள்மனை முன்னால் சம்மணமிட்டு உட்கார்வது தேய்ந்த முழங்காலுக்கு நேரடிச் சுமை. காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள்.

எல்லோரும் போகிறார்கள் என்று விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புவது முடக்குவாதக்காரர்களுக்குப் பொருந்தாது. அவர்களுடைய மூட்டு காலையில்தான் மரக்கட்டை போல் இறுகியிருக்கும். வெந்நீரில் குளித்து, விரல்களையும் கணுக்காலையும் மெல்ல அசைத்து, இறுக்கம் தளர்ந்த பிறகு நடக்கலாம். அல்லது மாலைக்குத் தள்ளிவைக்கலாம். மதுரை வெயிலில், அதுவும் சித்திரையில், எட்டு மணிக்கு மேல் நடப்பது வேண்டாம்.

காலுக்கு என்ன போடுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மாவின் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் ஒருசாய்த்துத் தேய்ந்து காகிதமாகியிருந்தது. அதைப் போட்டு நடந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சாயத்தானே செய்யும்? பின்பக்கப் பட்டையும் மெத்தென்ற அடிப்பகுதியும் உள்ள செருப்பு வாங்கிக்கொடுத்தேன். மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதியில் வெறுங்காலோடு நடப்பது சாமிக்காக. கருங்கல் தரையில் அதையே தினசரி உடற்பயிற்சியாக்கிவிட வேண்டாம். கைத்தடி வைத்திருப்பவர்களில் பலர் வலிக்கிற காலின் பக்கமே அதைப் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும்.

நடக்கவே முடியாத நாளில் கட்டிலும் நாற்காலியும் போதும். கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்தி விடலாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து உட்காரலாம். அப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எடையைக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

நடப்பதற்காகவே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்றவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்புக்கான வாய்ப்பையும் கூட்டும். போதாததற்கு, நிறுத்து என்று மூட்டு சொல்வதும் நம் காதில் விழாமல் போகும். மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடர்ந்து போட வேண்டாம். இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே அவரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசித் தவறு, மாரடைப்பை வாயு என்று நினைப்பது. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வருவதில்லை. மூச்சு வாங்குதல், தாடையிலோ முதுகிலோ தோளிலோ வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரும். முதுகும் தோளும் ஏற்கெனவே வலிக்கிறவர்கள் மூட்டு வலிதான் என்று படுத்துவிடுவார்கள், அல்லது வாயு என்று ஓமத் தண்ணீர் குடிப்பார்கள். நடக்கும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சு இறுக்கத்தை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார்ந்த பிறகும் அடங்காவிட்டால் சோடா வாங்க ஆள் அனுப்பாமல் 108-ஐ அழையுங்கள்.