டி மைனர் ஊளையிட்டது: 40:27-ஐச் சரிசெய்த விதம்

சிந்தசைசரில் சி-யை 264 ஹெர்ட்ஸில் வைத்து, தூய விகிதங்களில் சி மேஜர் அமைத்தேன்: டி 9/8, ஈ 5/4, எஃப் 4/3, ஜி 3/2, ஏ 5/3, பி 15/8. சி, எஃப், ஜி மேஜர் கார்டுகள் அசையாமல் நின்றன. டி மைனர் மட்டும் ஊளையிட்டது.

அந்தக் கார்டில் டி 297, ஏ 440. சுத்த பஞ்சமத்தில் (3:2) டி-யின் மூன்று மடங்கு அதிர்வும் ஏ-யின் இரண்டு மடங்கும் ஒன்றாக விழும். இங்கே 297-ஐ மூன்றால் பெருக்கினால் 891; 440-ஐ இரண்டால் பெருக்கினால் 880. நொடிக்கு 11 விம்மல் (சத்தம் ஏறி இறங்கும் அசைவு)! விகிதம் 40:27, அதாவது 680.4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), சுத்த பஞ்சமத்தைவிட 21.5 குறைவு. (அந்த 81:80 இடைவெளிதான் நம் இசையில் பிரமாண சுருதி.)

முதலில் டி-யை 10/9-க்கு இறக்கினேன். டி–ஏ அடங்கியது, ஜி–டி ஊளையிட ஆரம்பித்தது. ஏ-யை 27/16-க்கு ஏற்றினால் எஃப் மேஜர் கெடும். ஆக, இரண்டு டி இல்லாமல் தீராது.

சி மேஜரில் சும்மா கிடக்கும் சி ஷார்ப் கட்டையை 10/9 ஆக்கலாம். ஆனால் அதற்கு வழக்கமான இடத்திலிருந்து +82.4 சென்ட் வேண்டும். மிடியில் (மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் தரநிலை) சுரங்களை நகர்த்தும் ஒரு பைட் ட்யூனிங் +63-ஐத் தாண்டாது. ஸ்காலா கோப்பு (சுர அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) ஏற்கும் மென்பொருளில் சிக்கலில்லை. மற்றதில், தாழ்ந்த டி-யைத் தனிச் சேனலுக்கு அனுப்பி, பிட்ச் பெண்ட் (சுருதியை ஏற்றி இறக்கும் கட்டளை) எல்லை ±2 அரைச்சுரம் இருக்கையில், மதிப்பை 8192-லிருந்து 7311-க்கு இறக்குங்கள். ஒரே சேனலில் செய்தால் கார்டு முழுவதும் சரியும்.

சோதிக்கும்போது கோரஸ், விப்ராட்டோ இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவற்றின் அசைவு விம்மலை மறைத்துவிடும்.